அம்மாவின் விரல் பதிந்த காசு

மகன்,

முதலில் மானம் போகிற விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போன வருடம் வரைக்கும் அமெரிக்காவில் ஒரு மகாராணி இருந்தாள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். என்னிடம் இருக்கிற பழைய அமெரிக்கப் பொற்காசுகளில், தலையில் கிரீடம் வைத்து, கொண்டை போட்டு, பக்கவாட்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண் இருக்கிறாளே, அவளைத்தான் சொல்கிறேன். இத்தனை வருடமும் அவளை ராணி என்றே எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். இல்போர்டில் எனக்கு முடி வெட்டுகிறவருக்கு, கோயில் தலைவருக்கு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பல் டாக்டருக்குக்கூட. இளம் வயதிலேயே புருஷன் செத்துவிட்டான், அதனால்தான் எந்தக் காசிலும் அவள் சிரிக்கவில்லை என்று ஒரு கதையும் கட்டி வைத்திருந்தேன். சாருகாவை நீ முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு மாமனார் எப்படிப்பட்டவர் என்று தெரியட்டும் என்று சாப்பாட்டு மேசையிலேயே காசுகளைப் பரப்பி வைத்து அந்தக் கதையைச் சொன்னேன். பிள்ளை முழுவதையும் மரியாதையாகக் கேட்டது.

"மாமா, ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டீங்களே?"

"சொல்லு பிள்ளை."

"அமெரிக்காவில ராணி எண்டு ஒருத்தரும் இருந்ததே இல்லை. இது சுதந்திரத்துக்கு ஒரு பொம்பிளை உருவம். நெத்தியில எழுதியே கிடக்கு."

நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்து சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாய்.

"உனக்குத் தெரியுமோடா?"

"தெரியும் அப்பா."

"எப்ப இருந்து?"

"பிரைமரி ஸ்கூல்ல இருந்து."

"அப்ப ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"அவவின்ர புருஷன் செத்த கதை நல்லா இருந்தது."

அன்றைக்கே நினைத்தேன், இவன் என்னைப் போல இல்லை, தாயைப் போல என்று. அவளும் அப்படித்தான். நான் பிழையாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். எது திருத்த வேண்டிய பிழை, எது விட்டுவிட வேண்டிய பிழை என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். அதன் பிறகு மில்டன் கீன்ஸ் போய்விடுவாய். இந்த நேரம் பார்த்துக் கோயில் ஆண்டு மலர் போடுகிறவர்கள், "அண்ணை, காசு சேர்க்கிறதைப் பற்றி ஒரு கட்டுரை தாங்கோ" என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்குக் கட்டுரை எங்கே வரும்? எழுத உட்கார்ந்தால் கை உனக்கு எழுதத்தான் போகிறது. அதனால் இதையே கொடுத்துவிடுகிறேன். ஊரும் வாசிக்கட்டும். என் மானம்தான் ராணியோடு போய்விட்டதே. நீ தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். பிறகு சாருகாவிடம் கொடு, வாசித்துச் சொல்வாள். தாலிக்குப் பொன் உருக்கிய அன்று, உன் பொன்னுருக்கலில் என்ன நடந்தது என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். மற்றப் பாதியையும் நீ தெரிந்துகொண்டு போக வேண்டும்.

எல்லோரும் பவுண் காசு வாங்கும்போது நான் ஏன் அமெரிக்கக் காசு வாங்கினேன் என்று கேட்பார்கள். நான் லண்டனுக்கு வருவதற்காக வெளிக்கிட்டவன் இல்லை. ஏஜென்சிக்காரன் என்னை அமெரிக்காவுக்கு அனுப்புவதாகச் சொல்லித்தான் கூட்டிவந்தான். ஹீத்ரோவில் ஒரு கதிரையைக் காட்டி, "இதில இரும், இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். அந்தக் கதிரையில் இருந்த நேரத்துக்கு எனக்குக் கவுன்சில் ஒரு வீடே தந்திருக்க வேண்டும். பிறகு பெற்றோல் ஷெட்டில் வேலை, பிறகு கடைகளுக்கு மரக்கறி ஏற்றுகிற வான். ஒருநாள் மரக்கறி இறக்கிவிட்டு வரும்போது ஒரு பழங்காசுக் கடையின் கண்ணாடிக்குள் அமெரிக்காவைக் கண்டேன். ஒரு பக்கம் அந்தப் பெண், மறுபக்கம் செட்டை விரித்த கழுகு. நூறு வருடத்துக்கு மேல் பழைய ஐந்து டொலர் பொற்காசு. நான் அமெரிக்காவுக்குப் போக முடியவில்லை, அமெரிக்காவாவது என்னிடம் வரட்டுமே என்று நினைத்தேன். அப்படித்தான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. என் நண்பர்கள் பழைய கார் வாங்கினார்கள், சிலர் புதிய காதலி வைத்தார்கள். நான் காசு வாங்கினேன். அந்த வகையில் உன் அம்மாவுக்கு நான் அவ்வளவு மோசமான புருஷன் இல்லை.

அந்த ஏஜென்சிக்காரனுக்குக் கட்டின பணம் எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. அம்மாவின் தாலிக்கொடி. கல்யாணமாகி ஒரு வருடம் முடியவில்லை. கழற்றி என் கையில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. "பொன் திரும்பச் செய்யலாம், உங்களை ஆர் திரும்பச் செய்து தாறது?" என்றாள். லண்டனுக்கு அவள் வந்த பிறகு நான் திரும்பச் செய்து போட்டேன். அதையும் அவள் வைத்திருக்கவில்லை. ஊரில் அவளுடைய தங்கை மகளுக்குக் கல்யாணம் என்றதும் கழற்றி அனுப்பிவிட்டு மறுபடியும் மஞ்சள் கயிறு. நான் சண்டை பிடித்தேன். "இதுவும் தாலிதான், அதுவும் தாலிதான், உங்களுக்கு என்ன வித்தியாசம்? எடுத்து வைச்சுப் பார்க்கிறதுக்கு இது என்ன, உங்கட காசே?" என்றாள். அவளுக்குப் பொன் என்றால் கைமாற வேண்டிய சாமான். உருகும், அடகுக்குப் போகும், இன்னொரு கழுத்துக்குப் போகும். எனக்குப் பொன் என்றால் தொடாமல் வைத்திருக்க வேண்டிய சாமான். இப்படி இரண்டு பேர் குட்மேய்ஸில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம்.

பழங்காசு சேர்க்கிறவனுக்கு இரண்டே இரண்டு சட்டம்தான் உண்டு. காசை ஓரத்தில் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. அதைவிடப் பெரிய சட்டம், காசைக் கழுவக்கூடாது. அழுக்கு என்று நாம் நினைப்பது அழுக்கு இல்லை, வயது. அது போனால் காசு தங்கத்தின் விலைக்கு இறங்கிவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அந்தக் கடைக்கார வெள்ளைக்காரக் கிழவர். நான் அம்மாவுக்குச் சொல்லித் தரவில்லை. வரலட்சுமி விரதத்தன்று வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், சாமியறையில் லட்சுமி படத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டில் என் அமெரிக்கா முழுவதும் மினுங்கிக்கொண்டு இருக்கிறது. குத்துவிளக்குத் தேய்த்த பழப்புளியில் மிச்சம் இருந்ததாம்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?"

"லட்சுமிக்கு முன்னால ஊத்தைக் காசை வைக்கிறதே? பாருங்கோ, புதுசு மாதிரி."

"பழசு எண்டபடியாத்தானே அதுக்கு விலை!"

"பழசுக்கு விலை எண்டா உங்களையும் ஒருக்காக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கோவன்."

கடைக்காரக் கிழவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பிணத்தைக் கிடத்துவது போல மெதுவாகத் திரும்ப வைத்தார். யார் இதைச் செய்தது என்று கேட்டார். மனைவி என்றேன். அவள் உனக்கு இன்னமும் மனைவிதானா என்று கேட்டார். அந்தப் பகிடியை வீட்டில் வந்து சொல்லவில்லை. நான் அப்போது பகிடி விடுகிற நிலையில் இல்லை. சில நாட்கள் நான் அவளோடு கதைக்கவில்லை. பாணும் சம்பலும் தனியாகச் சாப்பிட்டேன். அவளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சம்பலை அவளே இடித்து வைத்தாள். நீ சின்னப் பிள்ளை. "அப்பா ஏன் கதைக்கிறார் இல்லை?" என்று கேட்டதற்கு, "அவற்ற பெண்டாட்டிமாரை நான் குளிக்க வாத்துப்போட்டன்" என்றாள். நான் சிரிப்பை அடக்கப் போய் பாண் விக்கிக்கொண்டது. சண்டை அதோடு முடிந்தது. நீ வீடு தனியாக நடத்தப் போகிறாய், அதனால் சொல்கிறேன்: சண்டையில் சிரிப்பு வந்தால் அடக்காதே. தோற்றதாக யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தச் சில நாட்களை இப்போது யாராவது திருப்பித் தருவதென்றால் முழு அமெரிக்காவையும் கொடுத்துவிடுவேன்.

பிறகு நான் வாங்கிய காசுகளை அவள் கழுவவில்லை, தொடவும் மாட்டாள். ஒரே ஒரு தரம் மட்டும்தான். நல்ல வடிவான ஐந்து டொலர் காசு ஒன்று கிடைத்திருந்தது. யாரும் கழுவாதது, அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லாதது. குசினிக்குள் கொண்டுபோய் நீட்டினேன். அவள் தேசிக்காய் ஊறுகாய்க்கு உப்புப் பிசறிக்கொண்டு நின்றாள். கையைச் சீலைத் தலைப்பில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நான் சொல்வதற்குள் வாங்கி, பெருவிரலை நடு முகத்தில் ஊன்றிப் பிடித்தாள்.

"ஓரத்தில பிடி! ஓரத்தில பிடி!"

"ஏன் கத்திறியள்? விழுந்திடாது. வடிவாத்தான் பிடிச்சிருக்கிறன்."

கிழவரிடம் காட்டினேன். விரல் அடையாளம் இப்போது தெரியாது, சில மாதத்தில் எழும்பும் என்றார். ஒரு மருந்துத் தண்ணீர் இருக்கிறதாம், உடனே அதில் முக்கி எடுத்தால் போய்விடும், விட்டால் உலோகத்தைப் பிடித்துவிடும், பிறகு யாராலும் எடுக்க ஏலாது என்றார். பார்ப்போம் என்று வைத்தேன். வான் வேலை, உன் சோதனை, அது இது என்று அப்படியே மறந்துபோனேன். என் வாழ்க்கையில் சோம்பலால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அம்மாவுக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் உனக்குத் தெரியும், அதை நான் எழுதத் தேவையில்லை. நீ பகலில் இருப்பாய், வேலை முடிந்து நான் வருவேன், நீ போவாய். ஒருநாள் நீ போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்த ஊறுகாய்க் காசு இருக்கல்லோ?"

"இருக்கு. அதுக்கு இப்ப என்ன?"

"உவனுக்கு எவள் வாறாளோ தெரியாது. எவள் வந்தாலும் அந்தக் காசைத்தான் பொன்னுருக்கக் குடுக்க வேணும்."

"பவுண் காசு வாங்குவம். அது பழைய காசெல்லே."

"அது நான் கெடுத்த காசுதானே. அதை உருக்கினா உங்களுக்கும் வயிறு எரியாது."

"நீரே வந்து நிண்டு உருக்கும்."

"நான் நிண்டா நீங்கள் சும்மா இருக்கமாட்டியள். ஓரத்தில பிடி, ஓரத்தில பிடி எண்டு பொன் உருக்கிற பத்தரையும் கத்துவியள்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது நோகும் என்று எனக்குத் தெரியும். ஓம் என்று சொன்னேன். அவள் கேட்டு நான் ஓம் சொன்ன கடைசி விஷயம் அது.

அவள் போய் அந்தியேட்டி எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல் காசுப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தக் காசை எடுத்தேன். கிழவர் சொன்னது போலவே எழும்பியிருந்தது. அந்தப் பெண்ணின் கன்னத்திலிருந்து மூக்குக்கு முன்னால் வெறும் இடம் வரைக்கும், செம்மண் நிறத்தில், ஒரு பெருவிரல். கோடு கோடாக, சுழி சுழியாக. நடுவில் ஒரு வெட்டு. துருவலையில் தேங்காய் துருவும்போது சின்ன வயதில் வெட்டின இடம், உனக்கும் தெரியும், காய்ச்சலில் நெற்றியைத் தடவினால் சொரசொரக்குமே, அந்த இடம். அவளுடைய உடுப்புகளைக் கொடுத்துவிட்டோம். படத்தில் இருப்பவள் எப்போதும் படம் எடுக்கிறார்கள் என்று விறைத்துக்கொண்டு நிற்பவள். பொன்னாக ஒன்றுமே மிச்சம் வைக்காதவள். அவள் உண்மையாகவே தொட்ட மாதிரி மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். இதைத்தான் உருக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

உனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதற்குப் பின்னாலேயே இந்தக் காசும் நினைவுக்கு வந்தது. இப்போது சொல்கிறேன் கேள். நான் டூட்டிங்குக்குப் போய் ஒரு பவுண் காசு வாங்கிவந்தேன். அம்மா சொன்ன காசு இதுதான் என்று அதையே கொடுத்துவிடுவோம், இவனுக்கு எங்கே வித்தியாசம் தெரியப் போகிறது, இரண்டும் மஞ்சள்தானே என்று திட்டம். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கையும் மீறி, உயிரோடு இருக்கிற உன்னிடமும் பொய் சொல்லப் பார்த்தேன். அந்தப் பவுணை வாங்கிக்கொண்டு வரும்போது ரயிலில் அவளோடு வாதாடிக்கொண்டே வந்தேன். உமக்குத்தானே எடுத்து வைக்கத் தெரியாது, எனக்குத் தெரியும், எனக்கு அதுதான் வரும், என்னை விடும் என்று. பக்கத்தில் இருந்த பிள்ளை எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது.

பொன்னுருக்கலன்று காலையில் நீ வேட்டி கட்டத் தெரியாமல் என் அறைக்கு வந்தாய். நான் உனக்குக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அந்தக் காசை நீங்களே வைச்சிருங்கோ."

"எந்தக் காசை?"

"நடிக்காதேங்கோ. அம்மாவின்ர விரல் இருக்கிற காசை."

"உனக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள் அதை லைட்டுக்குக் கீழ பிடிச்சுக்கொண்டு கதைக்கிறதைக் கண்டனான். கனதரம். வேற காசு போடுவம். அம்மா கோவிக்கமாட்டா. சீரியஸா, அப்பா."

வேறு காசு ஏற்கெனவே என் சட்டைப் பைக்குள் கிடந்தது. வேட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். "ஐயோ, மூச்சு விட ஏலாமல் கிடக்கு" என்றாய். களவாக எடுக்க நினைத்த ஒன்றை ஒருவன் முன்னால் வந்து, இந்தா வைத்துக்கொள் என்று தந்தால் அதை வாங்க முடிவதில்லை. ஆனாலும் நான் வாங்குவதாகத்தான் இருந்தேன். இரண்டு காசும் பையில் இருக்க, படியிறங்கி வந்தேன்.

கீழே முன்னறையில் நிறைகுடம், குத்துவிளக்கு, வெற்றிலை, தேங்காய் எல்லாம் வைத்து, கம்பளத்துக்கு மேல் பலகை போட்டு, பத்தர் தன் நெருப்பையும் மூசை என்கிற அந்த மண் கிண்ணத்தையும் எடுத்து வைத்துவிட்டார். நீ கிழக்கே பார்த்து இருந்தாய். உனக்குப் பக்கத்தில் தட்டைப் பிடிக்கச் சித்தப்பாவும் சித்தியும். மனைவியை இழந்தவன் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. "அண்ணை, நீங்கள் வீடியோ எடுங்கோ, பொம்பிளைப் பிள்ளை பார்க்க வேணுமல்லோ" என்றான் உன் சித்தப்பா. அதுவும் சரிதான். பொன்னுருக்கினால் கல்யாணம் வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படக்கூடாது, சாருகா வர முடியாது. அதனால் நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். சித்தியின் கை தட்டில் இருந்தது. நல்ல கை, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அது இருக்க வேண்டிய கை இல்லை. அந்த இடத்தில் இருக்க வேண்டிய கை எங்கே என்று ஒரு கணம் உண்மையாகவே தேடினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அது என் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

"காசைத் தாங்கோ," என்றார் பத்தர். "நேரம் வந்திட்டுது."

நான் அந்தக் காசை எடுத்தேன். போனுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பிடித்தேன், விரல் வடிவாக விழட்டும் என்று. பிறகு உன் கையில் வைத்தேன். நீ பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"அப்பா, நான் சொன்னனானெல்லே?"

"குடடா."

பத்தர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அண்ணை, இது பவுண் இல்லை. அமெரிக்கக் காசு. செம்பு கொஞ்சம் கூட, தாலி சிவப்படிக்கும்."

"அடிக்கட்டும்."

"முகத்தில என்ன கறை?"

"என்ர மனிசியின்ர விரல்."

அவர் நெருப்பைத் தணித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "போட்டாப் போட்டதுதான் அண்ணை. பிறகு கேட்க ஏலாது."

"தெரியும். போடுங்கோ. நல்ல நேரம் போகுது."

முதலில் காசு முழுவதும் கறுத்தது. அந்தப் பெண், கிரீடம், நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே கறுப்புக்குள் போய்விட்டன. விரல் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் பார்க்க வேண்டும் என்று கண்ணை வெட்டாமல் நின்றேன், ஆனாலும் தெரியவில்லை. பிறகு சிவந்தது. பிறகு ஓரங்கள் உள்ளே சுருண்டு, ஒரு குண்டுமணி போல உருண்டு நடுங்கிக்கொண்டு நின்றது. சித்தி குலவை போடப் பார்த்து அழுதுவிட்டாள். நீ அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாய். நான் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆறுதல் வந்துவிட்டது என்று நினைக்காதே. வரவில்லை. இப்போதும் பெட்டியைத் திறந்தால் அந்தக் காசு இருந்த குழியில் ஒன்றும் இல்லை, வெறும் வெல்வெட் துணிதான். அவள் கேட்டதைச் செய்தேன், அவ்வளவுதான். கேட்டதைச் செய்தாலும் நோகத்தான் நோகிறது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் உனக்குச் சொல்லி வைக்கிறேன். இன்னொன்று. சாருகா உன் சாமான்களில் கை வைப்பாள். உன் சட்டையை வேறு நிறத்துணியோடு போட்டுத் துவைப்பாள், நீ அடுக்கி வைத்ததைக் கலைப்பாள், கண்ணாடியில் விரல் அடையாளம் வைப்பாள். நீயும் அவளுக்கு அதையே செய்வாய். அவசரப்பட்டுத் துடைக்காதே. நான் ஊரிலுள்ள காசையெல்லாம் ஓரத்தில் பிடித்துக்கொண்டு திரிந்தேன், உன் அம்மா எதையும் முழுக் கையால்தான் பிடித்தாள். எது சரி என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் மிஞ்சியது யாருடைய அடையாளம் என்று நீயே பார்த்தாய்.

டூட்டிங் பவுண் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. பேரப்பிள்ளையின் கழுத்தில் போடப் பஞ்சாயுதம் செய்யலாம் என்று வைத்திருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் பவுணுக்கு வயதாகாது, எனக்கு ஆகும்.

கடைசியாக அந்த வீடியோ. அதைச் சாருகாவுக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டேன். விரல் அடையாளம் அதிலாவது இருக்கும், வேண்டுமென்ற நேரம் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். நேற்றுப் பிள்ளை போன் எடுத்தாள்.

"மாமா, வீடியோ பார்த்தனான்."

"காசு வடிவாத் தெரியுதே பிள்ளை?"

"காசு இல்லை மாமா. நீங்கள்தான் இருக்கிறீங்கள். கமெரா உங்கட பக்கம் திரும்பி இருந்திருக்கு."

போட்டுப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் நான்தான். கீழேயிருந்து எடுத்தது. மூக்குத் துவாரம் இரண்டும் தெளிவாக விழுந்திருக்கின்றன. பத்தர் கதைப்பதும் சித்தி அழுவதும் நன்றாகக் கேட்கிறது. ஓரிடத்தில் என் மூக்குக்கண்ணாடியில் மஞ்சளாக ஏதோ மினுங்குகிறது. அது காசாக இருக்கலாம் என்று சாருகா பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். அது குசினி லைட்.